முள்ளறிந்த மீன்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்திருப்பது கரையான்சாவடி என்னும் ஊர். அவ்வூரினின்று தென்மேற்கே சில கல் தொலைவு சென்றால் செம்பரம்பாக்கம் ஏரியைக் காணலாம். சென்னை மாநகர்க்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளுள் அஃது ஒன்று. நிறைந்து நிற்குங்கால் 24 அடி நீர் கொள்ளும். அப்பக்கத்து மழைக்குட்டைகளில் விடுமுறை நாள்களில் சிறுவர் சிலர் தூண்டிலிட்டு அமர்ந்திருப்பர். கரையான்சாவடியில் வாழும் யான், மாலையில் உலாவச் செல்லும்போது அவர்களோடு நின்று பேசுவதுண்டு.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், சிறுவன் ஒருவன் முகம் வாடியிருந்தான். காரணம் வினவினேன். “ஐயா! தை மாதத்தில் இக்குட்டையில் தூண்டில் போட்டவுடனே மீன் கடித்தது. நாள்தோறும் பலர் வந்து பிடித்தார்கள். இப்பொழுது பொழுது சாயும்வரை காத்திருந்தாலும் தக்கை அசைவதில்லை. மீனெல்லாம் தீர்ந்துபோயிற்று” என்றான். அவன் சொல்லி முடிக்குமுன், குட்டையின் நடுவே விரால் ஒன்று மேலெழுந்து, காற்றை உண்டு, மீண்டும் அமிழ்ந்தது. அவன் வியப்போடு என்னை நோக்கினான். மீன் தீரவில்லை, தூண்டிலை அறிந்துகொண்டது! இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

தூண்டில் நம் நாட்டில் மிகப் பழமையானது. அகநானூற்றின் 36 ஆம் பாட்டு, தூண்டில் இரையை விழுங்கிய வரால் ஒன்று, பிடிப்பவன் இழுக்கவும் வாராமல் குளத்தைக் கலக்கியதைக் காட்டுகின்றது. அவ்வராலே இன்று நாம் விரால் என வழங்கும் மீன். திருவள்ளுவரோ, சூதாட்டத்தில் கிட்டும் வெற்றிக்குத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை உவமை கூறினார். இவற்றைப் படிப்போர், மீன் என்பது இரையைக் கண்டவுடன் பாய்ந்து கெடும் பேதை உயிர் என்று எண்ணக்கூடும். முதன்முறை அஃது உண்மையே. ஆயினும் முள்ளில் அகப்பட்டுத் தப்பிய மீன், அத்துன்பத்தை எளிதில் மறப்பதில்லை.

மீனுக்குக் கண்ணும் மூக்கும் மட்டுமன்றி வேறொரு புலனும் உண்டு. அதன் உடலின் இருபக்கத்தும், செவுளினின்று வால்வரை மெல்லியதொரு கோடு ஓடுகின்றது. அதனைப் பக்கக்கோடு என்பர். நீரில் எழும் சிறு அசைவையும் மீன் அதனால் உணரும். ஆதலின், நீரில் வீழும் இரையின் அசைவும், தூண்டில் நரம்பின் இழுப்பும் அதற்கு அடையாளங்கள் ஆகின்றன. அவ்வடையாளங்களோடு ஒருமுறை துன்பம் சேர்ந்துவிட்டால், மறுமுறை அது விலகிச் செல்கின்றது.

நெதர்லாந்து நாட்டு அறிஞர் பியூக்கெமா என்பவர் இதனை ஆய்ந்து, 1970 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் குளத்தில் விட்ட கெண்டை மீன்களைத் தூண்டிலால் பிடித்து மீண்டும் நீரில் விட்டார். ஒருமுறை பிடிபட்ட மீன்கள் பின்னர் எளிதில் அகப்படவில்லை. ஓராண்டு கழிந்த பின்னும் அவ்வச்சம் அவற்றைவிட்டு நீங்கவில்லை. ஒரே ஒரு பாடம். ஓராண்டுக்கும் அழியாத நினைவு!

பிற மீன்களை வேட்டையாடி உண்ணும் பைக் என்னும் மீனையும் அவர் ஆராய்ந்தார். சுழன்று மின்னும் தகட்டாலாகிய பொய்யிரையை அம்மீன்கள் விரைவில் கைவிட்டன. ஆனால் உயிருள்ள சிறுமீனை முள்ளில் கோத்துவிட்டபோது முன்போலவே வந்து கவ்வின. பொய்யிரை எப்பொழுதும் ஒரே வகையாய் மின்னி, ஒரே வகையாய்ச் சுழல்வது. ஆதலின் அதனை அடையாளங் காணுதல் எளிதாயிற்றுப் போலும். உயிரிரையை வெறுத்து ஒதுக்கினால் பைக் உண்பதற்கு ஏது?

ஒன்று அடைந்த துன்பம் மற்றவற்றுக்கும் எச்சரிக்கையாவதுண்டு. கெண்டை இனத்துச் சிறுமீனின் தோல் காயம்பட்டால், அதினின்று ஒருவகைப் பொருள் நீரில் கலக்கும். அதன் மணத்தை உணர்ந்தவுடன் அருகிலுள்ள தோழமை மீன்கள் அஞ்சி ஓடும். இதனைக் கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர் 1938 ஆம் ஆண்டில் அறிவித்தார்.

இதுகாறும் கூறியது மீன் தன் வாழ்நாளில் கற்கும் பாடம். தூண்டில் மிகுந்த நீர்நிலைகளில் நிகழும் மாற்றம் இன்னுமொன்று உண்டு. அஃது இதனினும் ஆழமானது. ஒரே குளத்து மீன்களுள்ளும் இயல்பு வேறுபடும். சில துணிந்து பாய்வன. சில ஒதுங்கி நிற்பன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என ஓர் ஏரி உண்டு. அங்கு வாழும் பாஸ் என்னும் மீன்களுக்கு அடையாளமிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை முறை பிடிபட்டது என்பதை ஆய்வாளர் குறித்து வந்தனர். சில மீன்கள் மீண்டும் மீண்டும் பிடிபட்டன; சில ஒருமுறையேனும் அகப்படவில்லை. எளிதில் பிடிபட்டவற்றைத் தம்முள்ளும், பிடிபடாதவற்றைத் தம்முள்ளும் இணைத்து, மூன்று தலைமுறை வளர்த்தனர். தலைமுறைதோறும் அவ்விரு கிளைகளுக்கும் இடையே வேறுபாடு மிகுந்தது. 2009 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, தூண்டிலில் அகப்படும் இயல்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவது என்பதைக் காட்டிற்று.

உழவன் நன்றாக விளைந்த கதிரையே விதைக்கென நிறுத்துகின்றான். தூண்டிற்காரனோ துணிந்த மீனைக் கொண்டுபோய், ஒதுங்கும் மீனை விதையாக விட்டுச் செல்கின்றான். அவன் அறியாமலே குளத்து மீனின் குணம் மாறுகின்றது.

துணிந்த மீன் போனால் என்ன இழப்பு என்று நீங்கள் வினவலாம். பாஸ் மீனினத்தில் முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண் மீன். கூட்டை அணுகும் எதனையும் அது பாய்ந்து விரட்டும். 2012 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், எளிதில் தூண்டிலில் அகப்படும் ஆண்களே தம் கூட்டை மிக ஊக்கமாய்க் காப்பவை எனத் தெரிந்தது. அந்தோ! பிள்ளையைக் காக்கும் வீரமே அதன் உயிருக்குப் பகையாயிற்று.

இச்செய்தி நமக்கும் உரியது. நம் விராலும் குஞ்சு காக்கும் மீனே. மழைக்காலத்தில் அதன் குஞ்சுகள் செந்நிறத் திரளாய் நீரின்மேல் மிதக்க, தாய் தந்தையர் அதன் கீழே காவல் நிற்கும். அத்திரளினிடையே தவளையைக் கோத்து விடுவார் உளர். குஞ்சுகளுக்குத் தீங்கு வந்ததென்று விரால் சீறிப் பாய்ந்து கவ்வும். அது பசியால் கவ்வுவதன்று, அன்பினால் கவ்வுவது. காவல் நீங்கிய குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன. ஒரு மீனைப் பிடித்தோம் என்பர். ஒரு குடும்பத்தையே அழித்தோம் என்பதை அறியார்.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்து குட்டை நிறைந்தது. அச்சிறுவனும் யானும் கரையோரம் நின்றோம். கோரைப் புல்லின் அருகே செந்நிறத் திரள் ஒன்று மெல்ல நகர்ந்தது. அவன் கையில் தூண்டில் இருந்தது. சிறிது நேரம் அதனையே நோக்கியிருந்தான். பின்னர்த் தூண்டில் நரம்பைக் கோலில் சுற்றத் தொடங்கினான்.

“ஏன் தம்பி?” என்றேன்.

“குஞ்சுகள் வளரட்டும், ஐயா” என்றான்.

முள்ளில் ஒருமுறை பட்ட மீன் அறிவு பெறுகின்றது. அம்முள்ளைக் கையில் ஏந்துவோர்க்கும் அறிவு வேண்டும் அன்றோ? எதனைப் பிடிப்பது என்பதோடு, எப்பொழுது பிடியாமல் விடுவது என்பதையும் அறிந்தால், நம் நீர்நிலைகளில் மீன்வளம் குன்றாது நிற்கும்.