மீசை வைத்த தாய்

முருகப் பெருமானின் திருவருளால் நம் ஆலயக் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் வழங்கிவரும் அன்பர்களுக்கு, கிஜுபாய் பதேகா என்னும் பெரியவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1885இல் குஜராத்தில் பிறந்த இவர் தொழிலால் வழக்கறிஞர். நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், 1907இல் இவரும் பிழைப்பைத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். நாடு திரும்பி, 1913இல் மகன் பிறந்ததும், பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று நூல்களைத் தேடியபோது மரியா மாண்டிசோரி அம்மையாரின் எழுத்துகள் கிடைத்தன. வழக்கை விட்டு 1916இல் பாவ்நகர் தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே பாலர் பள்ளியைத் தொடங்கினார். மௌனத்தால் உபதேசித்த இறைவனின் பெயர் கொண்ட இடத்தில் பிள்ளைகளின் ஆட்டமும் பாட்டும்! மக்கள் இவரை ‘மீசை வைத்த தாய்’ என்றே அழைத்தார்கள்.

1932இல் இவர் எழுதிய ‘திவாஸ்வப்னா’, அதாவது பகற்கனவு, கதை வடிவில் அமைந்த ஆராய்ச்சி. ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குக் கேட்டு வாங்குகிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு. பிள்ளைகள் கூச்சலிட, அது தோற்கிறது. அடுத்துக் கதை சொல்கிறார், வகுப்பு வசப்படுகிறது. தோல்வியையும் மறைக்காமல் எழுதியதால்தான் இந்நூலை நான் நம்புகிறேன்.

நம் மலையில் இதற்கு என்ன வேலை? போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. தேயிலையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் பின்னத்தைக் கரும்பலகையில் வட்டம் போட்டே நடத்தினேன். பாதி வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருட்டப்பட்டு, காற்றுப் பட்டுச் சிவந்து, உலர்ந்தால் ஒரு கிலோ தேயிலை. ஐந்தில் ஒரு பங்கு! பின்னமும், எடையும், நீர் ஆவியாவதும் அதற்குள் இருக்கின்றன. பிள்ளையே கொழுந்தை நிறுத்து, வாட்டி, மறுநாள் மீண்டும் நிறுத்து, குறைந்ததைத் தன் கையால் எழுதினால் அந்தக் கணக்கு மறக்காது. எனக்கு அப்போது இது தோன்றவில்லை.

தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால் அது வெறும் சுற்றுலா. பார்க்கும் முன் கேள்வி வேண்டும், பார்த்த பின் பேச்சும் எழுத்தும் வேண்டும். கொழுந்து கிள்ளிய பாட்டிமார் இருக்கும்போதே அவர்களை வகுப்புக்கு அழைக்க வேண்டும். கத்திரியும் இயந்திரமும் வந்துவிட்ட பிறகு, இரண்டு இலை ஒரு மொட்டு என்பதை விரலால் காட்ட வேறு யார்?

ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆயினும் நம் நிதியில் வாங்குவது இன்னும் பயிற்சி நூல்களே. அவற்றில் பாதியையேனும் தராசு, பூதக்கண்ணாடி, பேருந்துக் கட்டணம் என மாற்றும்படி நிர்வாகக் குழுவில் கேட்டிருக்கிறேன். கருத்து வேறுபாடு உண்டு. பயிற்சி நூல் கண்ணுக்குத் தெரியும் நன்கொடை என்கிறார்கள், அதுவும் நியாயமே. நன்கொடையாளர்கள் தங்கள் விருப்பத்தை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் எழுத்தில் தெரிவித்தால் உதவியாயிருக்கும்.