ரோடு எத்தனை அடி?

பிளான் போட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “சார், எத்தனை மாடி கட்டலாம்?” நான் திருப்பிக் கேட்பது, “முன்னால் ரோடு எத்தனை அடி?”

சென்னையில் எல்லாம் எஃப்.எஸ்.ஐ. கணக்கு. தமிழில் தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் போடலாம் என்பதுதான் அது. சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 ஆக இருந்ததை 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2 ஆக்கின. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் முன்பு 3,600 கட்டலாம், இப்போது 4,800. தளத்துக்கு 1,600 என்று மூன்றாகவும் போடலாம், 1,200 என்று நான்காகவும் அடுக்கலாம். கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம் இதில் சேராது. உயரத்துக்கும், சுற்றிலும் விடவேண்டிய இடத்துக்கும் தனி விதி உண்டு.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். ரோடு நுழைவது இங்கேதான். 9 மீட்டர் ரோட்டுக்கு 30 சதவீதம் கூடுதல், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் 50. இந்த விதிகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ஆள் கூடும் இடத்தில் வண்டி போக வழி வேண்டுமே. ஆனால் 30 அடி ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள் நின்றுவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு? வரைபடத்தில் அது தெரியாது.

எஃப்.எஸ்.ஐ. தளத்தைத்தான் எண்ணும், தலைகளை எண்ணாது. 4,800 சதுர அடியில் 1,200 அடி வீடுகள் நான்கு வந்தாலும், 600 அடி வீடுகள் எட்டு வந்தாலும் அதற்கு ஒன்றுதான். தெருவில் கிடக்கும் பழைய சாக்கடைக் குழாய்க்கு ஒன்றல்ல.

பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்ட பில்டர் வந்தால் யூ.டி.எஸ்.ஸைக் கேளுங்கள், அதாவது மண்ணில் உங்கள் பங்கை. 1.5 காலத்தில் 1,000 அடி வீட்டுக்குத் தோராயமாக 667 சதுர அடி மண். 2 என்றால் 500. பிரீமியம் சேர்ந்து 2.6 ஆனால் 385 தான். வீடு பெரிதாகிறது என்று கையெழுத்துப் போட்ட பலர், பத்திரப் பதிவன்றுதான் அந்த எண்ணை முதல்முறை பார்க்கிறார்கள்.