கூரைக்குக் கீழே வளர்ந்த கால்பந்து

வங்காளிகளின் நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. சென்ற மாதம் என் பேரன் கேட்டான்: "தாத்தா, நூத்தி நாப்பது கோடி பேர் இருக்கிற நம்ம நாடு உலகக் கோப்பையிலே ஆடினதே இல்லை. ஐஸ்லாந்து மட்டும் எப்படி ஆடிச்சு?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்க அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் கடலில் உள்ள எரிமலைத் தீவு. 2018ல் அதன் ஜனத்தொகை சுமார் மூன்றரை லட்சம். டிசம்பரில் பகல் வெளிச்சம் நாலைந்து மணி நேரம்தான். காற்றோ ஆளையே தள்ளும். இங்கே 1947 மார்ச்சில் தேசியக் கால்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டது. நாடு குடியரசாகி அப்போது மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கிளப்புகளின் பிரதிநிதிகள் ஆண்டுக் கூட்டத்தில் கூடி வாக்களித்துத் தலைவரையும் நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுப்பார்கள். நம் சங்கத் தேர்தலைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை கொஞ்சம் குறைவாக இருக்கலாம்!

பல வருஷங்கள் தோல்விதான். 1967ல் கோபன்ஹேகனில் டென்மார்க்கிடம் 14-2 என்று தோற்றார்கள். அந்த எண்ணிக்கையை அந்நாட்டார் இன்றும் மறக்கவில்லை.

மாறுதல் எங்கிருந்து வந்தது? பெரிய ஆட்டக்காரர் ஒருவர் பிறந்ததால் அல்ல. நான் ரயில்வேயில் பர்மனென்ட் வே பிரிவில் உழைத்தவன். எக்ஸ்பிரஸ் வண்டி வேகமாகப் போனால் எல்லோரும் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போட்டவனை யாரும் பார்ப்பதில்லை. ஐஸ்லாந்தில் நடந்ததும் ஜல்லி வேலைதான்.

2000ல் கெஃப்லாவிக் நகரில் முழு அளவு மைதானம் ஒன்றைக் கூரை போட்டு மூடினார்கள். அதன்பின் மற்ற ஊர்களிலும் இத்தகைய கூடங்கள் எழுந்தன. கட்டியவை பெரும்பாலும் நகராட்சிகள். தேசியச் சங்கம் தன் பங்குக்குப் பள்ளிக்கூடங்களின் பக்கத்திலேயே செயற்கைப் புல் விரித்த சிறு ஆடுகளங்கள் அமைய உதவியது. நூறுக்கும் மேற்பட்டவை அமைந்தன. பிள்ளைகள் வருஷம் முழுவதும் நல்ல தரையில் ஆடத் தொடங்கினார்கள்.

இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனத்தின் பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்புகளைச் சங்கம் உள்நாட்டிலேயே நடத்தியது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக்கூடச் சான்றிதழ் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்தான் கற்றுக்கொடுக்கிறார். இங்கே அந்த வயதுப் பிள்ளைகளை, நேரம் கிடைத்த ஏதாவது ஒரு மாமாவிடம் விட்டுவிடுகிறோம்.

பலன் உடனே வரவில்லை. 2012ல் உலகத் தரவரிசையில் 131ஆம் இடம். அப்போது ஸ்வீடன் நாட்டு லார்ஸ் லாகர்பெக் பயிற்சியாளராக இருந்தார். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன். தொழிலால் பல் டாக்டர். 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வென்று காலிறுதிக்குப் போனார்கள். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுடன் 1-1 என்று சமன். அந்த ஆட்டத்தில் மெஸ்ஸி அடித்த பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் ஹான்னஸ் ஹால்டோர்சன் ஒரு திரைப்பட இயக்குநர். அதுவரை உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளில் ஜனத்தொகை மிகக் குறைந்தது ஐஸ்லாந்துதான். அதே 2018ல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் வெற்றிக்கான ஊக்கத்தொகையைச் சங்கம் சமமாக்கியது.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும், ஆனால் பாதிதான். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அது பலம், அதுவே பலவீனமும். 2021 ஆகஸ்டில், தேசிய அணி ஆட்டக்காரர்கள் மேல் பாலியல் வன்முறைப் புகார்கள் ஏதும் முறையாக வரவில்லை என்று சங்கத் தலைவர் தொலைக்காட்சியில் சொன்னார். உடனே ஒரு பெண் முன்வந்து, தான் 2018லேயே சங்கத்துக்குத் தெரிவித்ததாகச் சொன்னார். தலைவர் ராஜினாமா செய்தார். அடுத்து நிர்வாகக் குழு முழுவதும் விலகியது. கோல் அடித்தவன் நம் பையன், கேட்டால் அணியின் பெயர் கெடும் என்று வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் எந்த ஊருக்கும் புதிதல்ல. ஆனால் அங்கே நிர்வாகம் மொத்தமாக வெளியேற வேண்டியதாயிற்று. அக்டோபரில் முன்னாள் ஆட்டக்காரியான வாண்டா சிகுர்கெய்ர்ஸ்தோத்திர் தலைவரானார். ஐரோப்பியச் சம்மேளனத்தில் உள்ள நாடுகளில் தேசியச் சங்கம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவரே. 2024 வரை பதவியில் இருந்தார்.

எஞ்சினீயர் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகளுக்குக் கூரை போட்ட நாட்டில், ரெய்க்யாவிக்கில் உள்ள தேசிய மைதானம் திறந்தவெளிதான். குளிர்காலத்தில் அதில் ஆட முடியாமல் இருந்தது. 2025 மார்ச்சில் கொசோவோவுக்கு எதிராகச் "சொந்த மண்ணில்" ஆட வேண்டிய பந்தயத்தை ஸ்பெயினில் உள்ள முர்சியாவுக்குப் போய் ஆடினார்கள். அந்த வருஷம்தான் மண்ணுக்கு அடியில் வெப்பக் குழாய்கள் பதித்து, மேலே இயற்கைப் புல்லோடு செயற்கை இழை கலந்த தரையை அமைத்தார்கள். பேரனுக்கு இந்தக் குழாய் விஷயம்தான் மிகவும் பிடித்திருந்தது.