படுத்தபடி வென்ற பரங்கிமலை

1967 தேர்தல் பிரசாரம் சூடுபிடித்த நாட்களில் பரங்கிமலைத் தொகுதியின் தி.மு.க. வேட்பாளர் அரசுப் பொது மருத்துவமனையில் கழுத்துக் கட்டோடு படுத்திருந்தார். ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் தங்கிவிட்டது. கட்டோடு கைகூப்பிய அந்தப் படம் மாநிலமெங்கும் போஸ்டரானது. காங்கிரஸின் டி.எல்.ரகுபதியை 27,000 வாக்குகளுக்கும் மேல் பின்தள்ளி அவர் ஜெயித்தார். 'படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்' என்று காமராஜர் சொன்னதாகப் பேசப்படும் தேர்தலும் இதுதான். அவரோ விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார்.

போஸ்டர்தான் ஜெயித்தது என்று சொல்லிவிடுவது சுலபம். அரிசிப் பஞ்சத்தையும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும் எங்கே வைப்பது? காமராஜரை வீழ்த்திய மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் கழுத்தில் கட்டு ஏதும் இல்லையே!

ஆனால் எம்.ஜி.ஆர். அந்த வெற்றியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். குண்டடியில் குரல் குழறிய பிறகும் கூட்டம் குறையவில்லை. மேடைப் பேச்சால் வளர்ந்த கட்சியில் பேச்சு கெட்டவருக்குச் செல்வாக்கு கூடியது விசித்திரம்தான். 'ரத்தத்தின் ரத்தமே' என்று அவர் கூட்டத்தை அழைத்ததில் ஓர் அரசியல் கொள்கையே இருந்தது. தலைவனும் ஜனங்களும் உறவுக்காரர்கள். நடுவில் மாவட்டச் செயலாளரோ பொதுக்குழுவோ எதற்கு?

1972 அக்டோபரில், பரங்கிமலை எம்.எல்.ஏ.வாகவும் கட்சியின் பொருளாளராகவும் இருந்தபோது, திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் கட்சிக்காரர்களின் சொத்துக் கணக்கைக் கேட்டார். கட்சி அவரை வெளியேற்றியது. 17-ஆம் தேதி தனிக்கட்சி. ஏழே மாதத்தில் திண்டுக்கல் இடைத்தேர்தல் வெற்றி. ரசிகர் மன்றங்களே கிளைகளாயின.

கணக்குக் கேட்டு வந்தவரிடம் பிறகு யார் கணக்குக் கேட்டார்கள் என்பதுதான் என் மனக்குறை. சத்துணவு தந்த அதே ஆட்சியில்தான் 1983-இல் டாஸ்மாக்கும் பிறந்தது. அடுத்த ஆண்டே, அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடி ஆண்டிபட்டியில் ஜெயித்தார். இந்த முறை போஸ்டருக்குப் பதில் வீடியோ. இந்திரா காந்தி படுகொலையின் அனுதாபமும் சேர்ந்துகொண்டது.

இதையெல்லாம் வைத்து, தமிழன் உணர்ச்சிவசப்பட்டு ஓட்டுப் போடுகிறவன் என்று முத்திரை குத்துவார்கள். அவர்கள் 1980-ஐ மறந்துவிடுகிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு என்று 1979-இல் எம்.ஜி.ஆர். ஆணை போட்டார். அடுத்த ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. பதறிப்போய் ஆணையைத் திரும்பப் பெற்றார். ஒதுக்கீட்டையும் 31 சதவீதத்திலிருந்து 50 ஆக்கினார். பிப்ரவரியில் மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தது. சில மாதங்களில் வந்த சட்டமன்றத் தேர்தலில் அதே ஜனங்கள் அவரைத் திரும்பக் கோட்டைக்கு அனுப்பினார்கள்.