கழுத்தில் வெடிக்கும் பித்தளை

மூதூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிரித்தானியர் காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் அவருடைய அப்பப்பா. அவர் விட்டுப்போன தகரப் பெட்டிக்குள் .303 துவக்கின் வெற்றுக் கோதுகள் சில கிடந்தனவாம். பலவற்றில் கழுத்தில் மட்டும் நெடுக்காக மயிரிழை போல வெடிப்பு. “ஒருவரும் அடிக்கவில்லை, கீழே விழவுமில்லை. உடம்பு அப்படியே இருக்கக் கழுத்து மட்டும் ஏன் வெடித்தது?” என்று கேட்கிறார். விடையின் பாதியை அவரே கடைசி வரியில் எழுதிவிட்டார்: பெட்டி இத்தனை காலமும் மாட்டுக் கொட்டிலின் பரணில் இருந்தது.

கோது என்றால் என்னவென்று திருகோணமலை மாவட்டத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் தெருவில் அதைப் பொறுக்கி விளையாடிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மாராக இருக்கிறார்கள். ஆனால், உடம்பு தோளில் ஒடுங்கிக் கழுத்தாக மாறும் அந்த இடத்தை ஆறுதலாகப் பார்த்தவர்கள் குறைவு. .303 கோதின் அடிப்பகுதி ஏறக்குறைய 11.7 மில்லிமீற்றர் விட்டம். வாயில் செருகும் ரவையோ 7.9 மில்லிமீற்றர்தான். பருத்த உடம்பு நிறைய மருந்து கொள்ளும், மெலிந்த ரவை வேகமாகப் போகும். இரண்டும் வேண்டுமென்றால் கழுத்தைச் சுருக்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே புழங்கும் கோதை எடுத்து, கழுத்தை மேலும் ஒடுக்கி, வேறொரு தோட்டா ஆக்குவது பழைய வித்தை. பிரித்தானியப் படை 1871இல் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துவக்கின் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். முதல் எண் தாய்க்கோது, அதாவது முந்திய ஸ்னைடர் துவக்கினுடையது. இரண்டாவது எண் ஒடுக்கிய பிறகு அமைந்த வாய். பிறகு அந்த மார்ட்டினிகளே கலகக்காரர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில், .450 அளவு வேட்டைத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவர அரசாங்கம் தடை போட்டது. வேட்டைத் துவக்கு செய்தவர்கள் அளவை மாற்றினார்கள். இலண்டன் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் 1907இல் கொண்டுவந்த .500/465 அப்படிப் பிறந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் இதே கதை. படையின் அளவான .303ஐப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்றபோது, அங்குள்ள வேட்டைக்காரர்கள் .303 கோதையே .25 ஆக ஒடுக்கி .303/25 என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் சட்டத்தின் நெருக்குதல் இல்லாமலே, ஆர்வத்துக்காக மட்டும் இதைச் செய்தவர்கள் ஏராளம். அவர்கள் பட்டறைகளில் பல்லாண்டு புழங்கிய .22-250ஐ ரெமிங்டன் நிறுவனம் 1965இல்தான் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

வேலை பார்க்க எளிது. கோதுக்கு மெல்லிதாக எண்ணெய் பூசி, டை எனப்படும் உருக்கு அச்சுக்குள் அழுத்துகிறார்கள். ஒரே மூச்சில் நிறைய ஒடுக்கினால் தோள் மடிந்து நசிந்துவிடும். ஆகவே ஒன்றைவிட ஒன்று சிறிதான அச்சுகளில் படிப்படியாகப் போக வேண்டும். எண்ணெய் கூடினாலும் கேடு: அச்சுக்குள் அகப்பட்ட எண்ணெய்க்குப் போக வழியில்லாததால் தோளில் பள்ளம் விழும். எங்கள் வீட்டில் அம்மா மோதகத்தின் வாயைக் கூட்டி மூடும்போது, உச்சியில் மாவு திரண்டு தடித்துவிடும். பித்தளையும் அப்படித்தான். அகன்ற வளையத்தில் இருந்த உலோகம் ஒடுங்கிய வளையத்துக்குள் வரும்போது கழுத்துச் சுவர் தடிக்கிறது, கோதும் சற்று நீள்கிறது. மிச்சத்தைக் கடைந்து எடுக்காவிட்டால், ரவையை விட்டு விரியக் கழுத்துக்கு இடமிருக்காது. அழுத்தம் எகிறி, சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்தாகும்.

ஆனால் என்னை இழுப்பது இந்த வேலையல்ல. அது முடிந்த பிறகு உலோகத்துக்குள் மிஞ்சுவதுதான்.

தோட்டாப் பித்தளை என்பது 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம். குளிர்ந்த நிலையில் எவ்வளவு வளைத்தாலும் இழுத்தாலும் இணங்கிப் போகும். ஆனால் இணங்க இணங்க இறுகும். ஒரு செப்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் கை கூடுதலாக வலிக்கும். சுருக்கிய கழுத்து இறுகியதோடு நிற்பதில்லை. திரும்ப விரிய முயலும் ஓர் இழுவிசை அதற்குள் பூட்டிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தடவினாலும் புரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் விளங்காமல் தவித்தது இதைத்தான். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கழுத்தில் வெடித்திருந்தன. பருவ வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள், காரணம் பிடிபடவில்லை. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அமோனியா ஆகிறது. அது ஈரக் காற்றில் கலந்து பித்தளையின் மேல் படிந்த நீர்ப்படலத்தில் கரைந்து செம்பை அரிக்கிறது. எல்லா இடத்தையும் சமமாக அரிப்பதில்லை. உலோகம் நுண்ணிய மணிகளால் ஆனது. அமோனியா அந்த மணிகளின் ஓரங்களைத் தேடிப் போகிறது. உள்ளே பூட்டிக் கிடந்த இழுவிசை அந்தக் கீறலை விரிக்கிறது, விரிந்த கீறலுக்குள் அமோனியா இன்னும் ஆழமாக இறங்குகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வெடிப்பே இல்லை. நல்ல காற்றில் உலர்ந்து கிடந்தால் சுருக்கிய கழுத்தும் பிழைக்கும், இழுவிசை நீக்கிய கோது கொட்டிலிலும் பிழைக்கும். மூதூர்ப் பெட்டிக்கு மாடும் வாடைக்காற்று மழையும் சேர்ந்து வாய்த்துவிட்டன.

இழுவிசையை நீக்க மருந்து சூடுதான். பித்தளையை ஏறக்குறைய 260 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் வைத்தால் உள்விசை தளர்ந்துவிடும், உறுதி அவ்வளவாகக் குறையாது. கழுத்தை உண்மையாகவே மிருதுவாக்க இன்னும் கூடிய சூடு வேண்டும். அங்கேதான் கைத்திறன். கழுத்து மிருதுவாக வேண்டும், அடி மட்டும் இறுகியபடியே இருக்க வேண்டும். வெடிக்கும் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அடிப்பகுதி. அது மிருதுவானால் கோது பிளந்து, துவக்கின் பின்பக்கமாக வாயு சீறும். பழைய கைவினைஞர்கள் தட்டத்தில் தண்ணீர் ஊற்றி, கோதுகளைப் பாதி உடம்பு வரை அதில் நிறுத்தி, கழுத்தில் மட்டும் சுவாலை பிடித்து, நிறம் மாறியதும் தட்டிச் சாய்த்துவிடுவார்கள். உருக்கைப் போலப் பித்தளை தண்ணீர் பட்டதும் இறுகிவிடாது. அடிக்குச் சூடு ஓடாமல் தடுக்கவே தண்ணீர். படைக்குச் செய்த தோட்டாக்கள் பலவற்றின் கழுத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு மங்கல் வளையம் தெரியும். துரு என்று எண்ணி அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். கழுத்துக்குச் சூடு காட்டியிருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தொழிற்சாலைகளில் இதைவிடக் கடுமையான சோதனையும் உண்டு: மாதிரிக் கோதைப் பாதரச நைத்திரேற்றுக் கரைசலில் போடுவார்கள். உள்விசை மிஞ்சியிருந்தால் சில நிமிடங்களில் கண்ணெதிரே வெடிக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரெட்ரிக் கோட்டையும் ஒஸ்ரன்பேர்க்கும் பீரங்கி வைத்துக் காத்த துறைமுகம் திருகோணமலை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த இடம். அந்தக் காலத்துப் பித்தளை இன்னும் வீடுகளில் பூச்சாடியாகவும் சாம்பல் கிண்ணமாகவும் இருக்கிறது. அடியில் பொறித்த எழுத்தைப் படிக்காமலே நிறை போட்டு விற்கிறோம். கே.எஃப். என்றிருந்தால் பூனாவுக்குப் பக்கத்துக் கிர்க்கித் தொழிற்சாலையில் செய்தது, பக்கத்தில் பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். உருக்கும் உலைக்குள் போனால் அந்த வரலாறு போனதுதான். வைத்திருப்பவர்களோ வேறு விதமாகக் கெடுக்கிறார்கள். ஒரு காட்சிக்கூடத்தில் பித்தளைக் கோதுகளை அமோனியா நெடி வீசும் பொலிஷ் போட்டுப் பளபளக்கத் தேய்ப்பதைக் கண்டேன், மனம் பதைத்தது. குதிரை லாயத்தில் நடந்ததை நாமே கையால் செய்கிறோம். புளி தடவிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். அடியிலுள்ள வெடிமூடியில் ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றாலோ, வாயில் ரவை இருந்தாலோ தொடவே வேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

துவக்கோடு சம்பந்தமில்லாதவர்களுக்கும் இது உதவும். அமோனியாவால் குளிரூட்டும் ஐஸ் தொழிற்சாலைகளில் குழாயும் வால்வும் இரும்பாக இருப்பது இதனால்தான். உங்கள் வீட்டு எரிவாயு சிலிண்டரின் வால்வோ பித்தளை. அதை மாட்டுக் கொட்டிலுக்கோ கோழிக் கூட்டுக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள். வால்வில் நீலப்பச்சைக் கறை கண்டால், துடைத்துவிட்டுப் பாவிக்காமல் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.