பஞ்சும் மூச்சும்

சேலம், நாமக்கல் சமவெளியில் நெசவு பழந்தொழில். இப்பகுதியின் நூற்பாலைகளில் பஞ்சு நூலாகிறது. காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற ஊர்களின் விசைத்தறிக் கூடங்களில் நூல் துணியாகிறது. இத்தொழிலுக்கே உரிய நுரையீரல் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் பிஸினோசிஸ். நோயுற்றோர் பலரே அப்பெயரை அறியார்.

நூற்பாலையில் தூசு மிகுந்த இடங்கள் இரண்டு. இறுகக் கட்டிவந்த பொதியைப் பிரித்து, உதறித் தூய்மைசெய்யும் புளோரூம் ஒன்று. இழைகளைச் சிக்கெடுத்து வாரும் கார்டிங் பிரிவு மற்றொன்று. அங்குப் பணிபுரிவோரின் புருவத்திலும் தலையிலும் வெண்மையாகப் படியும் இழைத்துணுக்குகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படும். அவற்றால் விளையும் தீங்கு குறைவு; பெரும்பாலும் மூக்கே அவற்றைத் தடுத்துவிடும். மயிரிழையின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கினும் சிறிய துகள்களே நுரையீரலுக்குள் ஆழமாகச் செல்கின்றன. பருத்தியின் இலைச்சருகும் பூவடிச் செதிலும் பொடியாகி அத்துகள்களில் கலந்திருக்கும். செடியில் வாழ்ந்த பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்னும் நச்சும் உடன் சேரும். மூச்சுக்குழல்கள் அழன்று சுருங்குவதற்கு இந்நச்சே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

நோயின் போக்கு விந்தையானது. வார ஓய்வு முடிந்து பணிக்குத் திரும்பும் முதல் நாளில், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். இருமலும் மூச்சிரைப்பும் வரும். மறுநாள் குறையும். தூசு மிகும் நாளில் நோய் மிக வேண்டும் என்னும் பொது எண்ணத்துக்கு இது மாறானது. ஆகவே தொழிலாளி அதைச் சளி என்று கருதி விட்டுவிடுவார். இங்கிலாந்தின் ஆலைகளில் ஞாயிறு அனைவர்க்கும் விடுமுறை. அதனால் அங்கு இதனைத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றனர். ஆளுக்கொரு நாள் ஓய்வு தரும் ஆலைகளில் அந்தத் தடயமும் மறைந்துவிடுகிறது. ஆண்டுகள் செல்ல, இறுக்கம் எல்லா நாளும் நீடிக்கும். இறுதியில் நுரையீரலின் ஆற்றல் மீளாதவாறு குறையும். புகைபிடிப்போர்க்கு இழப்பு இன்னும் மிகுதி.

பாறை துளைப்போர்க்கு வரும் சிலிக்கோசிஸ், ஊடுகதிர்ப் படத்தில் தழும்புகளாகத் தெரியும். பஞ்சுத்தூசு அத்தகைய தனி அடையாளம் எதையும் காட்டுவதில்லை. ஆதலால் மருத்துவச் சீட்டில் ‘ஆஸ்துமா’ என்றே எழுதப்பட்டுவிடக்கூடும். ஒரு சொல்லின் பிழைதானே என்று இதைத் தள்ளிவிட இயலாது. பிஸினோசிஸ் சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில்நோய், இழப்பீட்டுக்கு உரியது. ஆஸ்துமா என்று எழுதியதும் நோய் தொழிலாளியின் சொந்த உடற்குறையாகிவிடுகிறது.

நோயாளியிடம் “என்ன தொழில் செய்கிறீர்?” என்று மருத்துவர் கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதினார். சணல், ஆளி நார்களை வாருவோரின் இருமலையும் அவர் குறித்துள்ளார்.

தடுக்கும் வழி ஆலைக்குள்ளேயே உள்ளது. அமெரிக்கா 1978இல், நூல் தயாரிக்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசு இருத்தலாகாது என விதித்தது. எந்திரங்களை மூடித் தூசை அங்கேயே உறிஞ்சும் அமைப்புகள் பெருகின, நோயும் குறைந்தது. முகத்தில் கட்டும் துணி நுண்துகளைத் தடுக்காது. ஈரமும் வெப்பமும் நிறைந்த ஆலையில் அதை நாள்முழுதும் அணிவதும் அரிது. நோயைத் தொடக்கத்திலேயே அறியச் சிறு ஊதுகருவி போதும். ஓய்வு முடிந்து வரும் நாளில், பணிக்கு முன்னும் பின்னும் தொழிலாளியை ஊதச்செய்து, மூச்சின் வேகம் குறைந்துள்ளதா என்று பார்க்கலாம்.