அளத்து வியர்வையும் ஆடுகளத்து வியர்வையும்



"அளத்தில் நாள் முழுதும் பாடுபடும் அம்மாவுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1953-ஆம் ஆண்டு ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் லண்டன் மாடிப் பேருந்துப் பணியாளரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநருக்கு இதயநோய் குறைவு என்று கண்டார். அப்படியானால் நம் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் அல்லவா எல்லாரினும் நலமாய் இருக்க வேண்டும்?

அப்படி இல்லையே! காரணம் என்ன? விளையாடும்போது இதயம் விரைந்து துடிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஓய்வு பெற்று வலுவடைகிறது. ஓய்வற்ற கடும் உழைப்பிலோ இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கின்றன. டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இவ்வாறே விளக்குகின்றனர். உப்பளத்திலோ தலையில் சுமை, மேலே வெயில், காலடியில் உப்புநீர். கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெப்பமும் நீர்க்குறைவும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். மாலையில் வீடு திரும்பினால் அடுப்பும் குடமும் காத்திருக்கின்றன. ஆகவே வியர்வை ஒன்றுதான்; நீரும் நிழலும் ஓய்வும் உண்டா என்பதே வேறுபாடு.

இனி நம் நிலையைப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி, இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத ஆண்கள் நூற்றுக்கு 42 பேர். பெண்களோ 57 பேர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இது பெண்களின் சோம்பலா? இல்லை. தெருவும் கடற்கரை மணலும் தம்பிமாருக்கு, நமக்கோ, "பெரிய பிள்ளை ஆயிட்டே, இன்னும் என்ன ஓட்டம்?" என்ற கண்டிப்பு. 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது அந்நிறுவனம். நம்மில் பலருக்கு அதற்குரிய ஒரே இடம் பள்ளி மைதானம்தான்.

எனவே தேர்வு வந்தாலும் விளையாட்டு வகுப்பை விட்டுக்கொடாதிருப்போம். ஓரமாய் நிற்கும் தோழியையும் கைபிடித்து அழைப்போம். வீட்டில் அம்மாவின் குடத்தை நாமும் தம்பியும் மாறி மாறித் தூக்குவோம். அவளுக்கு முதலில் வேண்டியது ஓய்வு. நாளை நம்மில் சிலர் மருத்துவராகலாம், அதிகாரியாகலாம். அன்று அளத்துக்குக் குடிநீரும் நிழலும் கழிப்பறையும் கேட்கும் குரல் நம்முடையதாய் இருக்கட்டும்!